சூடு சொரணை இருந்தால்…

எண்பத்தொன்பதில் நின்றது. நிற்கட்டும், அங்கேயே நிற்கட்டும் என்று தணிகைவேல் மூச்சை அடக்கிக்கொண்டு திரையின் இடது மூலையில் சிவந்து கிடந்த அந்த எண்ணைப் பார்த்தான், தன் மூச்சின் வெப்பமும் போய்ச் சேர்ந்தால் அது தொண்ணூறாகிவிடும் என்பதைப் போல. கவிழ்த்து வைத்த நான்கு எவர்சில்வர் டம்ளர்களின் மேல் மடிக்கணினி ஏறி நின்றது. அடிமூடியைத் திருகாணி கழற்றி எடுத்துச் சுவரோரம் சாய்த்திருந்தான். குனிந்து பார்த்தால் செப்புக் குழாய்களும் கறுப்பு விசிறிகள் இரண்டும், தையல் போடாமல் விட்ட வயிற்றைப் பார்ப்பதுபோல், பார்க்கக் கூடாததைப் பார்க்கிற கூச்சத்தைத் தந்தன. மேசை விசிறியை அதன் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தான். ஆனால் விசிறி காற்றைப் படைப்பதில்லை, இருக்கிற காற்றைத்தான் தள்ளுகிறது. அக்கினி நட்சத்திரத்து வேலூரில், சிமெண்டு ஷீட்டுக் கூரையின் கீழ் காலை முதல் வெந்துகொண்டிருக்கும் காற்றைத் தள்ளி என்ன ஆகப்போகிறது. தொண்ணூறு. அவ்வளவுதான், மூச்சை விட்டுவிட்டான். நான்கு மணிக்கு அழைப்பு வரும். கணினி விளையாட்டுகளைத் தயாரிக்கும் சென்னை நிறுவனம் ஒன்றில் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, அவன் தனியாகச் செய்த விளையாட்டை அவனுடைய இயந்திரத்திலேயே அவன் ஓட்டிக்காட்டப் பார்ப்பார்கள். பதிவுசெய்த வீடியோ வேண்டாம், நாங்கள் போகச் சொல்கிற இடத்துக்கு நீங்கள் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், ஏமாந்து பழகியவர்கள். அது தடைப்படாமல் ஓடிவிட்டால் வேலை. வேலை கிடைத்தால் ஆனி பிறப்பதற்குள் அவனும் மனைவி நிறைமதியும் சென்னையில் ஏதோ ஒரு தெருவில், எத்தனை சிறியதானாலும், தங்கள் சாவியால் திறக்கிற ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பார்கள். ஓடாவிட்டால் இதே அறை. மாமனார் வீட்டு மாடி. பொங்கலுக்கு வந்து, பொங்கல் முடிந்தும் போகாத மாப்பிள்ளை.

அவன் செய்திருந்தது பாலாறு. ஆட்டக்காரன் வறண்ட மணலில் தொடங்க வேண்டும். தூர்ந்த கால்வாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, முள்ளை வெட்டி, தடுப்பணைகளின் பலகைகளை நகர்த்தி, கடைசியில் ஆற்றில் தண்ணீரை வரவழைக்க வேண்டும். மணலை வரைவது எளிதாக இருந்தது, இயந்திரம் மணலைச் சுமந்துகொண்டு அறுபது டிகிரியில் சாதுவாக ஓடியது. தண்ணீரைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு அலையின் வளைவும், அதில் விழுகிற வெயிலும், கரையில் மோதித் திரும்புகிற நுரையும் நொடிக்கு நொடி கணக்கிடப்பட்டாக வேண்டும். தண்ணீர் வர வர இயந்திரம் கொதித்தது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விக்கி விக்கி நடந்தது, நொண்டுகிற ஆறு. தண்ணீரால் தீப்பிடிக்கிற பொருளை எவன் கண்டுபிடித்தானோ. ஒரு நாள் மாமனார் ஏகாம்பரம், மாடியில் துணி உலர்த்த வந்தவர், கதவோரம் நின்று திரையை எட்டிப் பார்த்தார். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார். “பாலாத்துல தண்ணியா?” என்றார். “சின்ன வயசுல பாத்தது மாப்ள. உங்க பொட்டியிலயாச்சும் வரட்டும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவனும் சிரித்தான். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அந்த ‘ஆச்சும்’ நெஞ்சில் முள்ளாக நின்றுகொண்டது. பொட்டியிலயாச்சும். அதாவது மற்றபடி உன்னால் எங்கும் எதுவும் வரப்போவதில்லை, இந்தப் பெட்டிக்குள்ளாவது. அப்படித்தானே? அப்படி இல்லாமலும் இருக்கலாம். ஒரு கிழவர் தண்ணீரைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் வேலையில்லாதவனின் காது தனி இலக்கணம் படித்தது. அதற்கு எல்லா விகுதியும் வசவுதான்.

கீழே ஏதோ ஒன்று உறுமித் தொடங்கியது. மேசை விசிறி ஒரு கணம் தளர்ந்து மறுபடி வேகமெடுத்தது. ஏசி. அதன் வெளிப்பெட்டி அவனுடைய சன்னலுக்கு நேர் கீழே சுவரில் மாட்டியிருந்தது. நண்பகலிலிருந்து அது நின்று நின்று ஓடிக்கொண்டேயிருக்கிறது. கீழறையின் வெப்பத்தையெல்லாம் வாரி வெளியே எறிகிறது, அது சன்னல் வழியாக ஏறி நேராக இங்கே வருகிறது. சுவரைத் தொட்டால் அடுப்பங்கரைச் சுவரைப் போல் இருந்தது. உள்ளே மாமா சுகமாக உறங்குகிறார், தூங்கட்டும், அவர் வீடு, அவர் ஏசி, அவர் சம்பாத்தியம். நெடுங்காலம் அந்த வீட்டில் ஏசி இருந்ததில்லை. அத்தை நோயில் விழுந்த கடைசிக் கோடையில் அவருக்காக வாங்கி மாட்டியது. அவர் போன பிறகு அந்த அறையில் மாமா மட்டும்தான் படுக்கிறார், மற்றவர்கள் சாமான் எடுக்கப் போவதுபோல் போய்விட்டு வந்துவிடுவார்கள். அந்த அறைதான் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம், ஒரு மணி நேரம், இந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் குளிரில் வைத்தால் எழுபத்தைந்தைத் தாண்டாது, ஆறு ஆறாக ஓடும். கீழே போய், “மாமா, ஒரு மணி நேரம் உங்க ரூம் வேணும்” என்று கேட்க வேண்டும். இல்லை, ‘வேணும்’ என்பது உரிமை. ‘கெடைக்குமா’ என்று கேட்கலாம், அது பிச்சை. ‘யூஸ் பண்ணிக்கட்டுமா’ என்றால் ஏதோ குளியலறையைக் கேட்பதுபோல் இருக்கிறது. காலையிலிருந்து அந்த வாக்கியத்தை அவன் நாவில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தான், புளிக்கிற பழத்தைத் துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல். தமிழில் ஒரு மாப்பிள்ளை மாமனாரிடம் ஓர் அறையைக் கேட்பதற்கு நேரான வாக்கியம் இல்லை. மாப்பிள்ளை கேட்கிறவன் இல்லை. கேட்காமலே கிடைக்கிறவன், கிடைக்காவிட்டால் முறைத்துக்கொண்டு எழுந்து போகிறவன். எழுந்து போவதற்கு ஓரிடம் உள்ளவன்.

கேட்டிருக்கலாம், அந்த ஒரு மாலை மட்டும் நடவாதிருந்தால். மாசியில் ஒரு நாள். அவன் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளப் படியிறங்கி வந்துகொண்டிருந்தான். போர்ட்டிகோவில் மாமாவும் அவருடைய நெடுநாள் நண்பர் நமசிவாயமும் உட்கார்ந்திருந்தார்கள். நாள் தவறாமல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவர். வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கேலி செய்துகொள்கிற ஒரு வரிசை உண்டு. அதைத்தான் நமசிவாயம் பாட்டுப்போல் இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். “ராஜா இல்லாத கோட்ட, மரம் இல்லாத மல, தண்ணி இல்லாத ஆறு… அதோட இன்னொண்ணும் சேத்துக்கோ ஏகாம்பரம், வேல இல்லாத மாப்ள.” சிரிப்பு எழுந்தது. ஒருவருடையதா, இருவருடையதா? படியின் திருப்பத்தில் அவன் கால் நின்றுவிட்டது. பிறகு மாமாவின் குரல், தாழ்ந்து, அழுத்தமாக: “சூடு சொரணை இருந்தா…” அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் விசிலடித்தது. நீண்ட, கொழுத்த, இரக்கமற்ற விசில். அது அடங்கியபோது போர்ட்டிகோவில் பேச்சே இல்லை. அவன் பாட்டிலை நிரப்பாமல் மேலே ஏறி வந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை அவன்தான் முடித்துக்கொண்டிருக்கிறான். சூடு சொரணை இருந்தா இத்தனை நாள் மாமனார் வீட்டில் சோறு இறங்குமா. சூடு சொரணை இருந்தா எந்த வேலையானாலும் போயிருக்க மாட்டானா. சூடு சொரணை இருந்தா பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு என்றைக்கோ கிளம்பியிருப்பான். பல் துலக்கும்போது ஒரு முடிவு, உணவுக்கு உட்காரும்போது ஒரு முடிவு. இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது ஒரு முடிவு, அதுதான் மிகக் கேவலமானது. நமசிவாயம் அதற்குப் பிறகு வருவதில்லை. இப்படிப்பட்ட மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற வீட்டில் கால் வைக்க அவருக்கே கூச்சமாகப் போயிருக்கும். மாமா இப்போதெல்லாம் தனியாகத்தான் காப்பி குடிக்கிறார். அந்தப் பழியும் தன்மேல்தான்.

தொண்ணூற்றிரண்டு. சோதனை ஓட்டத்தை நிறுத்தி ஆற்றை உறையவைத்தான். எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. இயந்திரம் என்னவோ யோக்கியமானதுதான். நான்கு நாட்களாக அதை அவன் படுத்துகிற பாடு அதற்குத் தெரியாது. முதலில் கணினியின் மூளையான சில்லின் மேல், சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தான், காய்ந்த விபூதியைப் போல் உதிர்ந்தது. புதுப் பசையைத் துவரம்பருப்பு அளவுக்கு வைத்து, செப்புத் தகட்டை அதன்மேல் அமர்த்தி, திருகாணிகளைக் குறுக்குமறுக்காக முறுக்கினான். ஒரு பக்கமாகவே முறுக்கினால் பசை மறுபக்கம் ஒதுங்கிவிடும், இடையில் காற்று தங்கிவிடும். கண்ணுக்கு எத்தனை வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று முழுதும் தொடுவதில்லையாம். நடுவில் மேடும் பள்ளமும், பள்ளத்தில் காற்றும். அந்தக் காற்றுதான் சூட்டைக் கடத்தாமல் வைத்துக்கொண்டு எரிக்கிறது. படித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு. அவனும் மாமாவும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, வெயில் ஜாஸ்தி, ஆமாம் ஜாஸ்தி, என்று வழவழப்பாகப் பேசிக்கொள்வது நினைவுக்கு வந்தது. பசை போட்ட பிறகு மின்னழுத்தத்தை ஒரு பிடி குறைத்தான், வேகத்தை ஒரு பிடி கூட்டினான். விற்றவன் வைத்த அளவுக்கு மேலே அதை ஓடச் செய்தான். ஓவர்கிளாக் என்பார்கள், கடிகாரத்தை மிஞ்சுவது. புதிய விலையுயர்ந்த இயந்திரங்கள் சிரமமில்லாமல் செய்வதை இந்தப் பழையது செய்து காட்ட வேண்டும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளும் கதைதான். ஓடியது. ஆனால் தொண்ணூற்றைந்தைத் தொட்டதும் அது ஒரு காரியம் செய்தது. எவரும் சொல்லாமல் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. உள்ளே ஓர் உணர்வி இருக்கிறது, கடுகைவிடச் சிறியது. சூடு எல்லையைத் தொட்டதும் அது ஒரு சொல் சொல்லும், இயந்திரம் உடனே ஒடுங்கிவிடும். சூடும் இருக்கிறது, சொரணையும் இருக்கிறது. உலகத்தில் இந்த அறையில் அந்த இரண்டும் உள்ள பொருள் இது ஒன்றுதான் என்று நினைத்தான். உரக்கச் சொல்லியும் பார்த்தான், “உனக்கு இருக்குடா.” பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

படியில் கொலுசு. நிறைமதி மோர்ச் சொம்போடு வந்தாள். அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்குக் கோடை விடுமுறை, வீட்டில்தான் இருந்தாள். வாசலிலேயே நின்று முகத்துக்கு நேரே கையை விசிறிக்கொண்டாள். “அய்யய்யோ, என்னங்க இது, சூளைக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு. டம்ளரையெல்லாம் தேடிக்கிட்டிருந்தேன், அப்பா காப்பிக்குக் கிண்ணத்த எடுத்தாரு. இங்கதான் குடித்தனம் பண்ணுதா எல்லாம்?” “அப்புறம் கொண்டாந்து வெச்சிடறேன்.” “டம்ளருக்காகவா சொன்னேன்?” அவள் சொம்பை நீட்டினாள், அவன் வாங்கி அண்ணாந்து குடித்தான், இஞ்சியும் கறிவேப்பிலையும் தொண்டையில் குளிர்ந்து இறங்கின, அவள் இயந்திரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “கீழ வந்து உக்காருங்களேன்,” என்றாள், சொம்பின் வாயைத் துடைப்பதில் கவனமாக இருப்பவளைப் போல. “இங்கயே இருக்கேன்.” “கீழ நல்லா இருக்கும்.” “தெரியும். சத்தம் இங்கதான கேக்குது.” “அப்பா ஒண்ணும் சொல்லமாட்டார்ங்க.” “சொல்லமாட்டார்னு எனக்கும் தெரியும் மதி. சொல்லிட்டாக்கூடத் தேவல.” அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அவ்வழக்கம் இல்லை. மனத்தில் வந்ததை நாவில் கொட்டிவிடுகிறவள். அந்த ஒரு கணத்தில் அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவனோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சரி, உங்க இஷ்டம். கேட்டா வாயில இருக்கற முத்து உதிந்துடுமா?” என்று அவள் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று மறுபடி குரல் கொடுத்தாள்: “ஒரு வார்த்த, ஒரே வார்த்த கேட்டா போதும்!” அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே என்ன பேச்சு நடந்ததோ. இவள் அவனை மன்றாட வைக்கப் பார்க்கிறாள். அவர் ஏசியில் படுத்துக்கொண்டு காத்திருக்கிறார், இவன் எப்போது வந்து தலை சொறிவான் என்று. கேட்க மாட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன். இந்த ஒன்றைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் சொன்னது உண்மையாகிவிடும்.

நான்கு மணி நெருங்கியது. நெருங்க நெருங்க அவன் செய்யக் கூடாது என்று நான்கு நாட்களாக ஒதுக்கி வைத்திருந்த ஒன்றின் பக்கம் கை போனது. அமைப்புகளில் உள்ளே, உள்ளே, எச்சரிக்கைகள் இரண்டையும் தாண்டிப் போனால் ஒரு சிறு கட்டம். அதிலிருக்கும் குறியை எடுத்துவிட்டால் எல்லையைத் தொட்டாலும் இயந்திரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. சூடு ஏறும், சொல்வதற்கு ஆள் இராது. எடுக்காவிட்டால் தண்ணீர் நொண்டும், மூன்று பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள். எடுத்தால் ஓடும். எத்தனை நேரம்? அரை மணி நேரம் ஓடினால் போதும், அதற்குப் பிறகு கருகிச் சாம்பலானாலும் கவலையில்லை. வேலை கிடைத்தவனுக்கு இன்னோர் இயந்திரம் வரும். இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு என்று அவனுக்குத் தெரியும்; இயந்திரம் தன் உயிருக்கு ஆபத்து என்று கண்டால் எவரையும் கேட்காமல் முழுதும் அணைந்துபோகும், அதை எந்தக் குறியாலும் எடுக்க முடியாது. அது வரை போகாது. போகக் கூடாது. மாடியறைகள் குளிரத் தொடங்குகிற நேரம்தான் நான்கு மணி என்று தன்னிடமே பொய் சொன்னான். வேலூரில் நான்கு மணிக்குக் கூரை அன்றைய வெயிலை முழுதும் குடித்து முடித்து அப்போதுதான் உமிழத் தொடங்கும். குறியை எடுத்தான். எடுத்த விரல் ஒரு கணம் அங்கேயே நின்றது. அடிபட்டு அடிபட்டு அடங்கிப் போகிறவனைப் பார்த்து எல்லாரும் சொரணை கெட்டவன் என்கிறார்கள். அடங்கத் தெரிவதுதான் சொரணையோ என்று ஓர் எண்ணம், ஒரு வால் மட்டும் காட்டிவிட்டு ஓடியது. பிடித்துப் பார்க்க நேரமில்லை. மடிக்கணினியில் சென்னையின் அழைப்பு ஒலித்தது.

மூன்று முகங்களில் பேசியது ஒன்றுதான்; ரெபெக்கா என்ற பெண், அந்தப் பிரிவின் தலைவி, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தவள். “வணக்கம் தணிகைவேல், வேலூர் எப்பிடி, சுட்டுத் தள்ளுதா?” என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். மணலில் நடந்தான், முள்ளை வெட்டினான், முதல் கால்வாயைத் திறந்தான். தண்ணீர் வந்தது, கணுக்கால் அளவு, மண்ணின் நிறத்தோடு, நுரையின் விளிம்பில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு. நொண்டவில்லை. தொண்ணூற்றாறு. “ஏ, நல்லாருக்கே,” என்றது இதுவரை பேசாத ஒரு முகம். அவன் முதுகில் வியர்வை கோடு கோடாக இறங்கியது, அவன் துடைக்கவில்லை. கீழே வெளிப்பெட்டி உறுமியது, மேசை விசிறி தளர்ந்தது, தொண்ணூற்றெட்டு. “இத நீங்க ஒருத்தரே பண்ணீங்களா?” “ஆமாங்க.” “தண்ணியுமா?” “ஆமாங்க, தண்ணிதான் முக்கியம்.” அந்த வார்த்தையில் அவனுக்கே ஒரு பெருமிதம் எழுந்தது, எத்தனை மாதங்களாயிற்று ஒருவர் அவனிடம் செய்தாயா என்று கேட்டு, அவன் ஆம் என்று சொல்லி. நூறு. எண் மூன்று இலக்கமாக மாறியபோது அதன் பெட்டிக்குள் இடம் போதாமல் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. டம்ளர்கள் நான்கும் மெல்ல அதிர்ந்தன. இப்போது நிறுத்திக்கொள்ளலாம், இதுவரை காட்டியதே போதும் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. ஆனால் ரெபெக்கா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டாள். “அந்தத் தடுப்பணையத் தொறந்து காட்டுங்க. பெரிய தண்ணி வரணும்ல?” வரணும். அவன் பலகையின் மேல் சுட்டியை வைத்தான். கீழே போய்க் கேட்டிருந்தால், என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் அழுத்திவிட்டான். பலகை உயர்ந்தது. அதன் கீழே ஒரு வெண்கோடு பிறந்தது, தடித்தது, வளைந்தது, கரையிலிருந்து கரைக்கு ஒரு சுவராக எழுந்தது. அதன் முகட்டில் வெயில் விழுந்து சிதறியதை அவன் பார்த்தான், அவ்வளவு அழகாக அது இதற்கு முன் ஒருமுறைகூட வந்ததில்லை. எழுந்த அலை விழவில்லை. திரை கறுத்தது. விசிறிகள் ஒரு பெருமூச்சோடு சுழன்று சுழன்று நின்றன. அந்தக் கறுப்பில் ஒரு முகம் தெரிந்தது, வாய் திறந்தபடி, அவனுடையது. எழுப்பப் பார்த்தான், பொத்தானை அழுத்த அழுத்த அது எழவில்லை. பிறகு கைப்பேசியில் அவன் அழைத்தபோது ரெபெக்கா கனிவாகத்தான் பேசினாள். “ஐடியா ரொம்ப நல்லாருக்கு தணிகைவேல். ஆனா மெஷினுக்குத் தக்கன கேம்ம அடக்கத் தெரியறதுதான் இங்க வேலையே, உங்களுக்குத் தெரியாததில்ல. இந்தத் தடவ வேற ஒருத்தர எடுக்கறோம். தப்பா நெனச்சுக்காதீங்க.” அவன் நினைக்கவில்லை. நன்றி என்று இரண்டு முறை சொன்னான்.

தொண்டை வறண்டிருந்ததால்தான் கீழே இறங்கினான். வேறு காரணம் அப்போது அவனுக்கு இல்லை. கடைசிப் படியில் கால் வைத்ததும் கணுக்காலில் ஒரு குளிர் பட்டது. மாமாவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கட்டிலில் எவரும் இல்லை. மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில் கிடக்கும் எழுதுமேசை ஏசிக்கு நேர் கீழே வந்திருந்தது, அதன்மேல் வெளுத்த விரிப்பு, பக்கத்தில் நீளக் கம்பியுள்ள மின்பலகை, மூடி வைத்த தண்ணீர்ச் சொம்பு. திரையில் வெளிச்சம் விழக் கூடாது என்று சன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்தது. அத்தையின் படத்தை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அறை உறைந்துபோய்க் கிடந்தது, எவருக்கோ போட்ட இலையைப் போல. நிறைமதி சமையலறை வாசலில் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. “பன்னெண்டு மணிலேருந்து போட்டு வெச்சிருக்கு,” என்றாள், குரல் உடைந்து. “நாமளா கூப்ட வேணாம், கூப்ட்டா மனசு ஒரு மாதிரி ஆயிடும் அவருக்கு, அவரா ஒரு வார்த்த கேக்கட்டும், அப்பதான் அவருக்குக் கௌரவம்னு அப்பா சொன்னார். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்.” நண்பகலிலிருந்து. அவன் சன்னலுக்குக் கீழே நின்று அவனைப் பொசுக்கிய அந்தப் பெட்டி, இந்த அறையின் சூட்டை வாரி வாரி அவன்மேல் எறிந்த பெட்டி, அவனுக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில், பனியனோடு, தோளில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் அவருடைய முழங்கால் வரை வந்திருந்தது. முகம் கன்றிச் சிவந்திருந்தது. எதிரே இன்னொரு நாற்காலி காலியாக. தணிகைவேல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதாவது பேசியாக வேண்டும், எதையாவது. “நமசிவாயம் ஐயா இப்பல்லாம் வர்றதில்லயே மாமா,” என்றான். அவர் கையை அலட்சியமாக வீசினார். “அவன் கெடக்கறான் மாப்ள. மாசில ஒரு நாளு வாய்க்கு வந்தத ஒளறினான். சூடு சொரணை இருந்தா இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளையப் பத்தி இப்பிடிப் பேசுவியாடான்னு கேட்டேன். எழுந்து போனவன்தான். போவட்டும், அம்பது வருஷப் பழக்கம், போனா போவட்டும்.” விசில் அடங்கியது. மூன்று மாதம் கழித்து அப்போதுதான் அந்த விசில் அவன் காதில் அடங்கியது. அடங்கிய இடத்தில் அவன் எதிர்பார்த்த எந்த வாக்கியமும் இல்லை. அவமானமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அதைத் தாங்கத்தான் அவன் இத்தனை நாளாகத் தன்னை முறுக்கி முறுக்கி வைத்திருந்தான். இதைத் தாங்க அவனிடம் ஒன்றும் இல்லை. நாற்காலியின் பிளாஸ்டிக் உள்ளங்கையைச் சுட்டது. அவன் கையை எடுக்கவில்லை. “வேல முடிஞ்சுதா மாப்ள?” என்று கேட்டார் அவர், அவன் முகத்தைப் பாராமல், அவனுக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதைப் போல தெருவைப் பார்த்துக்கொண்டு. “முடிஞ்சிடுச்சு மாமா.” “நல்லது.” அவர் முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தார், தள்ளாடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு மிக இயல்பாக, எந்தக் கூச்சமும் இல்லாமல், ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்பதைப் போல அவனிடம் கேட்டார்: “அப்ப நான் உள்ள போயிக் கொஞ்சம் படுக்கட்டுமா?”